பதிமூன்று ஆம்ப் குளியல்

கிள்ளான் ரயிலில் எனக்கு எதிரே, சுங்கை வே எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி சட்டையோடு இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள்.

“நான் ரொம்ப நேரம் குளிக்கிறதாலதான் ஹீட்டர் பிளக் உருகிப்போச்சாம்க்கா. வீட்டு ஓனர் சொல்றாரு,” என்றாள் இளையவள், பெட்டியே திரும்பிப் பார்க்கும் குரலில்.

“மீட்டர் வச்சுப் பார்த்தியா?” என்றாள் மூத்தவள்.

“பார்த்தேன். இருநூத்தி நாப்பது வோல்ட், பதினஞ்சு ஆம்ப். பெருக்கிப் பார்த்தா மூவாயிரத்தி அறுநூறு வாட். அவரு மாட்டுனது பதிமூணு ஆம்ப் பிளக். எப்படித் தாங்கும்?”

“அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே லா.”

“சொன்னேன். சீக்கிரம் குளிச்சு முடிச்சா பதிமூணு ஆம்ப்தான் ஓடும்ங்கிறாரு.”

“பிளக்கையாவது மாத்துனாரா?”

“மாத்துனாரு. மறுபடியும் பதிமூணுதான். பாத்ரூம்ல ஒரு கடிகாரமும் மாட்டிட்டுப் போயிருக்காரு.”