சிடி விற்றவனும் கிடா திருடியவனும்

நயினார்கோவில் பஸ்ஸில் திருட்டு சிடியில் புதுப்படம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் இரண்டு விவசாயிகள்.

"சிடி வித்தான்னு என் மச்சினனக் குண்டர் சட்டத்துல போட்டுட்டாங்கண்ணே. ஒரு வருசம் வெளிய வர முடியாதாம்."

"என் கெடா ரெண்டக் களவாண்டவன் பதினஞ்சே நாள்ல வந்துட்டான். அந்தா, முன்னால உக்காந்து படம் பாக்குறான் பாரு."

"நடிகருங்க கோட்டைக்குப் போயி ஒரு மனு குடுத்தாக, சட்டம் வந்துருச்சு. நாமளும் கண்மாய் மடைய சரிபண்ணச் சொல்லி வருசாவருசம் குடுக்குறோம்."

"என் கெடா சினிமாவுல நடிச்சிருந்தா இவனும் இன்னும் உள்ளதான் இருப்பான்."

கிடா திருடியவன் திரையிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பினான்.

"அதுக்குப் பயந்துதாண்ணே நான் சிடியத் தொடாம ஆட்டோட நிறுத்திக்கிட்டேன்."