சித்தி வீட்டு மீன் தொட்டி

— இன்னிக்கி காலையில மூணு செத்துது. நேத்து ரெண்டு. தொட்டி காலி ராணி. பேருக்கு ஒரு மீன் இல்ல.

— ஐயோ! உள்ள வாக்கா. வாசப்படியிலயே நின்னுட்டு சொல்ற.

— உள்ள வந்து இன்னா பண்றது? ஒன் மீனுங்க துள்றத பாத்து வயிறெரியறதா? நல்லா கீது போ. யம்மாடி, எப்படி தளதளன்னு கீதுங்க! கண்ணு படப்போவுது. ஏன் பொய் சொல்லணும், என் கண்ணே படும்.

— ஏன்க்கா இப்படி பேசுற? உக்காரு. டீ போடறேன்.

— டீ கெடக்கட்டும். நீயும் நானும் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ஒரே சுவத்துக்கு ரெண்டு பக்கம் குடியிருக்கோம். ஒரே டேங்கு தண்ணி. மதகடிப்பட்டுல ஒரே கடை. நீ வச்சிகிற அதே கப்பி மீனாப் பாத்துதான் உங்க மாமா வாங்கியாந்தாரு. உன்னுது குட்டி போட்டு குட்டி போட்டு பெருகுது, என்னுது பத்து நாளு தாங்கல. இது இன்னா நியாயம்?

— தண்ணிய ரெண்டு நாளு பக்கெட்டுல புடிச்சி வச்சிட்டுதான ஊத்துன? பிளீச்சிங் பவுடர் போவணும்ல.

— மூணு நாளு வச்சேன்டி. கடையில குடுத்த மருந்தையும் சொட்டு எண்ணி வுட்டேன்.

— தீனி ஜாஸ்தியா போட்டியா?

— ஒரு சிட்டிகை. எம்புருஷனுக்குக் கூட நான் அப்படி அளந்து போட்டதில்ல. அப்புறமும் சாவுதேன்னு தொட்டிக்கு மொளகா சுத்திப் போட்டேன். சிரிக்காத! நெருப்புல போட்டா துளி நெடி வரல. கமறவே இல்ல. அப்ப கண்ணுதான்னு முடிவு பண்ணிட்டேன்.

— யாரு கண்ணு?

— வேற யாரு? உன்னுதுதான்.

— அக்கா!

— மனசுல பட்டுது, கேட்டுட்டேன். உள்ள வச்சிகினு உன் மூஞ்சியில முழிக்க முடியாது என்னால.

— உம்மேல நான் எதுக்குக்கா கண்ணு வைக்கப் போறேன்?

— வச்சா வையி. எனக்குந்தான் உம்மேல பத்திகினு எரியுது. அருள்மொழி ஸ்கூல் வேன வுட்டு எறங்குனா பைய எங்கூட்டு வாசல்ல கடாசிட்டு நேரா இங்கதான் ஓடியாறா. வூட்டுப்பாடம் இங்க. தலை பின்றது இங்க. நேத்து பால் கொழக்கட்டை பண்ணி வச்சிகினு உக்காந்திருந்தேன். "சித்தி வூட்டுல தோசை சாப்ட்டேம்மா, வயிறு ரொம்பிடுச்சி"ன்றா. பெத்தவ நானு, ஆறிப்போன கொழக்கட்டைய மாட்டுத் தொட்டியில கொட்டறேன்.

— அது கொழந்தைக்கா. மீன பாக்க வருது.

— அதுக்குத்தான் நானும் தொட்டி வாங்குனேன். எனக்கு மீனு மேல இன்னா ஆசை? கொழம்பு வச்சா தின்னுவேன், அவ்ளோதான். ஒரு வாரம் ராணி, ஒரே வாரம். தொட்டி முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்துகினு ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்சா. எந்தோள்ல சாஞ்சிகினு "அம்மா, அந்த வாலு நீட்டு மீனுக்கு உம்பேரு"ன்னா. அப்புறம் ஒவ்வொண்ணா மல்லாந்துதுங்க. "உனக்கு வளக்கவே தெரியலம்மா"ன்னு சொல்லிட்டு இங்க வந்துட்டா.

— இரு, டீ எடுத்தாறேன்.

— டீ கெடக்கட்டும்னேன்ல?

— விடுக்கா. கொஞ்ச நாளு கழிச்சி மறுபடி வாங்கிக்கலாம்.

— கொஞ்ச நாளு இன்னா? இப்பவே உங்க மாமாவ கடைக்கி அனுப்பிட்டேன். அவரு வர்றதுக்குள்ள நீ எப்படி வச்சிகிறன்னு பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். தள்ளு. தண்ணி வடிகட்டுற இந்த மோட்டார கழட்டிப் பாக்கறேன்.

— வேணாங்க்கா, கை வைக்காத! ஷாக் அடிக்கும்!

— ஒயர புடுங்கிட்டுதான் தொடறேன். எனக்குத் தெரியாதா? யம்மாடி! இன்னாடி இது? இதான் உன் ஸ்பாஞ்சா?

— உள்ள போடுக்கா. போட்டுடு.

— சேத்துல முக்கி எடுத்த மாதிரி கீது. பழுப்பா, வழவழன்னு. இத கழுவி எத்தினி நாளாச்சு?

— கழுவுவேன். எப்பனா, தொட்டித் தண்ணியிலயே ஒரு அலசு.

— எப்பனாவா? எங்கிட்ட இன்னா சொன்ன நீ? "ஸ்பாஞ்ச தெனம் கொழாயடியில வச்சி, வெள்ளையா வர்ற வரைக்கும் கசக்கணும்க்கா, அழுக்கு இருந்தா மீனு செத்துடும்"னு சொன்னியா இல்லியா? பொங்கலுக்கு வூடு கழுவுற மாதிரி கழுவுனேன்டி நானு, கை வெளுத்துப் போற வரைக்கும்!

— சொன்னேன்.

— அப்ப உன்னுது மட்டும் ஏன் இப்படி கீது?

— அந்த அழுக்குலதான்க்கா எல்லாம் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க. மீனு போடற அசிங்கத்த அதுங்கதான் தின்னு தண்ணிய சரி பண்ணும். அது ஊறவே ஒரு மாசம் ஆவும். கொழா தண்ணியில கசக்குனா அத்தனையும் செத்துடும். அப்புறம் மீனுக்கு அது போட்ட அசிங்கமே வெஷம்.

— இது உனக்கு எப்ப தெரியும்?

— அக்கா...

— எப்பன்னு கேக்கறேன்.

— மொதல்லருந்தே தெரியும். எனக்கும் மொத தடவ மீனு செத்துதில்ல, அப்பவே கடைக்காரரு சொன்னாரு.

— தெரிஞ்சேவா எங்கிட்ட மாத்திச் சொன்ன?

— தெரிஞ்சேதான் சொன்னேன். அடிக்கறதுனா அடி. உங்கூட்டுல மீனு பொழச்சிட்டா அவ இங்க எதுக்கு வருவா? உனக்கு இன்னாக்கா, ராவெல்லாம் உம்மேல கால போட்டுகினு தூங்குறா. எனக்கு சாயங்காலம் ரெண்டு மணி நேரம். அது கூட உனக்குப் பொறுக்கல. ரெண்டு தடவ எனக்கு வயித்துல தங்காமப் பூட்டுது. சுவத்துக்கு அந்தப் பக்கம் அவ "அம்மா அம்மா"ன்னு கத்தறப்பல்லாம் காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். பொறாமைதான். ஆமா, பொறாமைதான்! இந்தத் தொட்டிய வச்சிதான் அவள இங்க வர வச்சேன். அத நான் எப்படிக்கா உனக்குத் தூக்கிக் குடுப்பேன்?

— தொட்டி வச்சா வர வச்ச? பைத்தியக்காரி. உனக்குத் தொட்டி வந்தது ஆடியில. அவ இங்க வர ஆரம்பிச்சது அதுக்கு அஞ்சு மாசம் முந்தி, மாசியில.

— மாசியிலயா?

— ரெண்டாவது தடவையும் கலைஞ்சி, ஆஸ்பத்திரியிலருந்து வந்து சுவத்தப் பாத்துகினு படுத்தியே, அன்னிக்கி. வெளையாடப் போறேன்னு அழுதவள, முதுவுல ரெண்டு வச்சி, "சித்தி தனியா கீறா, போயி கூட உக்காரு"ன்னு நான்தான்டி அனுப்புனேன். அனுப்பத் தெரிஞ்சுது ராணி, திரும்பக் கூப்புடத்தான் தெரியல.