அடுப்புக்கு ஒரு ஞானத்தாய்

எனக்கு விறகடுப்பில் பொங்கிய சோறுதான் பிடிக்கும். மண்ணெண்ணெய் ஸ்டவ் விற்றுப் பிழைத்தவன் இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்பதில்லையே, அப்படித்தான் இதுவும். ஏரலில் என் வீட்டுக்குப் போய் என் மனைவி சீனித்தாயிடம் விசாரித்துவிட்டு வந்தீர்களாம். என்னையே கேட்டிருக்கலாம், இன்ஸ்பெக்டர் ஐயா. வீட்டுப் பெண்களைத் தொந்தரவு செய்வது எனக்குப் பிடிக்காது.

பாஸ்கல் என்கிற துறைமுகக் கூலி, தன் மனைவி பிலோமினாவைக் கொளுத்தினான் என்று பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறான். அவனுக்குத் தூக்குதான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அவன் கொளுத்தினானா இல்லையா என்று என்னிடம் கேட்கிறீர்கள். சொல்லத்தான் போகிறேன். ஆனால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நடுவில் குறுக்கிட்டால் எனக்கு எரிச்சல் வரும். மேஜை ஓரத்தில் சாக்கில் சுற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, பாருங்கள். அந்தப் பொறுமை உங்களுக்கும் வேண்டும்.

என் பெயர் பிச்சையா. பொற்சுடர் ஸ்டவ் கம்பெனியின் தூத்துக்குடி ஏஜெண்ட். புதிய துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கிய சமயத்தில் இந்த ஊருக்கு வந்தேன். குடும்பம் ஏரலில், இங்கே எனக்கு ஒரு குடோனும் அதை ஒட்டி ஓர் அறையும். அப்போது கடற்கரைத் தெருக்களில் உடைமர விறகும் பனை மட்டையும்தான் எரிந்தன. பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே சமைப்பார்கள், ஆனால் ஸ்டவ் என்றால் பயம். எனக்கு முன்பிருந்த ஏஜெண்ட் வேனில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகக் கத்தினான். நடிகை படம் போட்ட காலண்டர் கொடுத்தான். காலண்டரை மாட்டிக்கொண்டார்கள், ஸ்டவ்வை வாங்கவில்லை. ஒரு பெண் கம்பெனியை நம்ப மாட்டாள், பக்கத்து வீட்டுக்காரியை நம்புவாள். அவளோடு நாள் முழுக்கக் குழாயடியில் சண்டை போட்டாலும் நம்புவாள். அந்த மடையனுக்கு இது விளங்கவில்லை.

பொற்சுடர் சகோதரிகள் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினேன். மாதம் ஒரு கூட்டம், டீ, மிக்சர், சமையல் போட்டி. வந்தார்கள், தின்றார்கள், போனார்கள். அவர்களைச் சேர்த்துக் கட்ட ஒரு கயிறு இல்லை. அதை நான் மாதா கோயிலில் கண்டுபிடித்தேன். ஒரு ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெற்றவள் ஒதுங்கி நிற்க, இன்னொருத்தி பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றாள். அவள் ஞானத்தாய். அன்று முதல் அந்தப் பிள்ளைக்கு அவளும் பொறுப்பு. பெற்றவளும் ஞானத்தாயும் அதற்குப் பிறகு ஒருத்தியை ஒருத்தி விட்டுக்கொடுப்பதில்லை, வெளியே ஒரு குறை சொல்வதில்லை. நான் பனங்காட்டுப் பக்கத்து வியாபாரக் குடும்பம். எங்களிடம் இப்படி ஒரு வழக்கம் கிடையாது. பார்த்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் சொன்னேன். இனிமேல் புது ஸ்டவ் வாங்குகிறவள் தானாகப் பற்றவைக்கக் கூடாது. சங்கத்தில் இருக்கிற ஒருத்தி வந்து முதல் தடவை கொளுத்திப் பால் காய்ச்ச வேண்டும். அவள்தான் அந்த அடுப்புக்கு ஞானத்தாய். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாதா கோயில் சாமியார் என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார். விளையாட்டுக்குத்தான் சாமி என்றேன். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆப்பக் கடை மிக்கேலம்மாள் பாதி ஊர் அடுப்புக்கு ஞானத்தாய் ஆனாள். அடுப்புக்குப் பொட்டு வைத்தார்கள், பூச் சுற்றினார்கள். மளிகைக் கடை ஆறுமுகத்தாய் போன்ற இந்துப் பெண்களும் அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஒரு வீட்டில் நல்லது நடந்தால் அடுப்பின் ஞானத்தாய்க்கும் சேலை எடுத்தார்கள். இதையெல்லாம் நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆனால் ஒன்றை எதிர்பார்த்தேன், அது நடந்தது. அடுப்பில் ஒரு கோளாறு என்றால் வாங்கியவள் என்னிடம் வரவில்லை. கொளுத்தி வைத்தவளிடம் போனாள். கொளுத்தி வைத்தவளுக்கு அது மானப் பிரச்சினை. அவளே வந்து வாஷரை மாற்றிக் கொடுத்து, 'வெளிய சொல்லிராத' என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தமிழ்நாடு முழுவதும் இருந்து மெட்ராஸ் ஆபீசுக்குப் புகார் வந்துகொண்டே இருந்தது, தூத்துக்குடியிலிருந்து ஒன்றும் வரவில்லை. மேனேஜர் என்னை மெச்சினார். மாதா திருவிழாச் சமயத்தில் அவரே நேரில் வந்து சங்கத்தைப் பார்த்துவிட்டு, எல்லா ஊரிலும் இதே மாதிரி தொடங்க என்னை மெட்ராசுக்கு அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் புதுச் சரக்கு வந்தது. பழைய ஸ்டவ் வைத்திருந்தவர்களும் பளபளப்பைப் பார்த்து மாற்றிக்கொண்டார்கள். நானும் ஒன்றை ஏரலுக்கு எடுத்துப் போனேன்.

அந்த மாதக் கூட்டத்தில் டீ போடும் போட்டி. ஒவ்வொருத்தியும் தன் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். மிக்கேலம்மாளின் ஸ்டவ்வில் எண்ணெய்த் தொட்டியும் மேல் குழாயும் சேரும் கழுத்தில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. என்ன இது என்று கேட்டேன்.

"சோப்பு அண்ணாச்சி. பம்பு அடிச்சா அங்கன லேசா கசியுது. துணி சோப்பத் தேச்சி விட்டா நின்னு போவுது. எனக்குன்னு இப்படி ஒண்ணு வந்து வாய்ச்சிருக்கு. யார்ட்டயும் சொல்லிராதிய."

நான் அடுத்த மேஜைக்குப் போனேன். அங்கேயும் சோப்பு. அதற்கடுத்த மேஜையில் ஒருத்தி முந்தானையால் கழுத்தை மறைத்துக்கொண்டாள். கூடம் முழுக்கச் சோப்பு வாசனை. ஒவ்வொருத்தியும் என் காதில் அதையேதான் சொன்னாள்: எனக்கு மட்டும் இப்படி ஆகிவிட்டது, என் ஞானத்தாய்க்குத் தெரிந்தால் வருத்தப்படுவாள். சரக்கு முழுவதும் கழுத்தில் ஈயப் பற்றவைப்பு சரியில்லாத சரக்கு. அது அந்தக் கூடத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். பரிசை மிக்கேலம்மாளுக்குக் கொடுத்தேன். டீ நன்றாகத்தான் இருந்தது.

கம்பெனிக்குச் சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. சொன்னால் எல்லா ஸ்டவ்வையும் திரும்ப எடுப்பார்கள். ஒவ்வொரு ஞானத்தாயும் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் தலைகுனிந்து நிற்பாள். பிறகு அவர்கள் எதையும் சேர்ந்து நம்ப மாட்டார்கள். ஸ்டவ்வைத் திரும்பச் செய்யலாம், சங்கத்தைத் திரும்பச் செய்ய முடியாது. சோப்பு வேறு நன்றாகவே வேலை செய்தது. திருவிழா முடியட்டும் என்று நினைத்தேன். அது நியாயமான நினைப்புத்தான், இப்போதும் சொல்வேன்.

பிலோமினாவை எனக்கு ஆரம்பம் முதலே பிடிக்காது. உவரியிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். கூட்டத்தில் எல்லாரும் கைதட்டும்போது இவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் ஒருநாள் காலையில் ஸ்டவ்வை இடுப்பில் வைத்துக்கொண்டு குடோனுக்கு வந்தாள்.

"இத மாத்தித் தாங்க அண்ணாச்சி. கசியுது."

"ஒன் ஞானத்தாயிட்ட சொன்னியா?"

"மிக்கேலம்மாக்காட்ட சொன்னேன். சோப்பத் தேயிங்கா. சோறு பொங்குத எடத்துல சோப்புக்கு என்ன சோலி? நான் எங்க தெருவுல ஒவ்வொரு வீடா ஏறிப் பாத்துட்டேன். எல்லா வீட்டுலயும் இதே கததான், ஆனா ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டேங்கா. மெட்ராஸ்காரர் வாராருல்லா, அவர் முன்னால இத வச்சிப் பம்பு அடிச்சிக் காட்டப் போறேன்."

அத்தனை பெண்களில் இவள் ஒருத்திதான் அடுத்த வீட்டு அடுப்படிக்குள் போய்க் குனிந்து பார்த்தவள். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைக் காட்டுவது என் பழக்கமில்லை. நாளைக்கு வா, வேறு தருகிறேன், மிக்கேலம்மாளிடம் சொல்லாதே, வருத்தப்படுவாள் என்றேன். மறுநாள் வேறு ஒன்றைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். பழையதை வாங்கிக் குடோனில் போட்டேன். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

"இதுக்கு யாரு அண்ணாச்சி ஞானத்தாய்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அவள் என்னிடம் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"நானே கொளுத்தி வச்சேன்னு நெனச்சுக்கோ."

"நல்லா இருப்பிய" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அது வெடித்தது. பாஸ்கல் வாசலில் படுத்திருந்தானாம். ஓடிப்போய்ச் சாக்கைப் போட்டு அணைத்ததில் அவன் கை இரண்டும் வெந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் மாஜிஸ்திரேட் வந்து கேட்டபோது பிலோமினா தெளிவாகச் சொன்னாள். ஸ்டவ் வெடித்தது, அவர் என்னைக் காப்பாற்ற வந்தார். சொல்லிவிட்டு விடிவதற்குள் இறந்துபோனாள்.

மறுநாள் சங்கத்துப் பெண்கள் கூடத்தில் கூடினார்கள். எல்லாரும் அழுதார்கள். மிக்கேலம்மாள் மட்டும் அழவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த அடுப்பைக் கொளுத்தி வைத்த கை அவளுடையது என்று நம்பிக்கொண்டிருந்தாள். அது இல்லை என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து இரண்டு மூன்று கேள்விகள் கேட்டேன். நன்றாகக் கேளுங்கள், கேள்விதான் கேட்டேன்.

"போன வாரம் தெருவுல அவுங்களுக்குள்ள சண்டைன்னு சொன்னாங்களே?"

"ஆமா அண்ணாச்சி. அவன் குடிச்சிட்டு வந்து சத்தம் போட்டான். அடிக்கவும் கை ஓங்கினான்."

"ஸ்டவ் வெடிச்சிட்டுன்னு அந்தப் புள்ள சொல்லிச்சாம். எந்தப் பொண்டாட்டி சாகும்போது புருசனக் காட்டிக் குடுப்பா?"

ஆறுமுகத்தாய் மூக்கைச் சிந்திவிட்டு, "குடுக்க மாட்டாதான்" என்றாள். இன்னொருத்தி, அன்று மதியம் அவன் கையில் எண்ணெய் டின்னைப் பார்த்ததாகச் சொன்னாள். ரேஷன் எண்ணெயை அவன்தான் எப்போதும் வாங்கி வருவான், பார்த்திருப்பாள். மிக்கேலம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீரில் முங்கிக்கொண்டிருந்தவள் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது அந்தப் பார்வை. "அந்தப் பாவிதான் செஞ்சிருப்பான்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

போலீஸ் வீடு வீடாக வந்தபோது அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஒவ்வொருத்தி வீட்டிலும் சோப்புத் தேய்த்த அடுப்பு இருந்தது. ஸ்டவ்வின் மேல் குற்றம் என்றால் தன் ஞானத்தாயும் குற்றவாளி, தான் கொளுத்தி வைத்த வீடுகளில் தானும் குற்றவாளி. பாஸ்கலின் மேல் குற்றம் என்றால் யாருக்கும் ஒன்றுமில்லை. செத்தவளின் வாக்கைக்கூட நம்பாமல் போனார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் ஐயா, எந்தக் கம்பெனிக்கு இப்படி வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்? மேனேஜர் திருவிழாவுக்கு வந்தார். பிலோமினா படத்துக்கு மாலை போட்டுக் கூட்டத்தை நடத்தினோம். அவர் கண் கலங்கிவிட்டார்.

சரி, சாக்கைப் பிரியுங்கள்.

நினைத்தேன். பிலோமினா வீட்டில் வெடித்த ஸ்டவ்தான். கரியை நன்றாகத் துலக்கியிருக்கிறீர்கள், உங்களுக்கு முன்பிருந்தவர் அதைச் செய்யவில்லை. அடியில் பெயர் வெட்டியிருக்கிறது, ஆமாம், சீனித்தாய் என்றுதான். புதுப் பாத்திரம் எது வந்தாலும் பெயர் வெட்டுகிறவனைக் கூப்பிட்டு அடியில் வெட்டிவிடுவாள், கரண்டியைக்கூட விடமாட்டாள். பித்தளைத் தொட்டியைப் பார்த்ததும் அவளுக்குக் கை அரித்திருக்கும். நான் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன், திருப்பிப் பார்க்கவில்லை. ஆம்பிளைகளுக்குப் பாத்திரத்தின் அடியைப் பார்க்கத் தெரியாது.

பாஸ்கல் கொளுத்தவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். போட்டி முடிந்த அன்றே நான் பஸ் ஏறி ஏரலுக்குப் போனேன். என் வீட்டு ஸ்டவ்வில் பம்பு அடித்துப் பார்த்தேன். மற்றதில் எல்லாம் கசிந்தது, இதில் பீய்ச்சி அடித்தது. சோப்புக்கெல்லாம் நிற்காது என்று பார்த்தவுடனே தெரிந்தது. பிள்ளைகள் ஓடியாடுகிற வீடு, இனி விறகிலேயே பொங்கு என்று சீனித்தாயிடம் சொல்லிவிட்டு, அதை அப்போதே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு விறகடுப்புச் சோறுதான் பிடிக்கிறது. பிலோமினா மாற்றித் தரக் கேட்டபோது குடோனில் சரக்கு தீர்ந்துபோயிருந்தது, இது ஒன்றுதான் கைவசம் இருந்தது. அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, அதையும் யோசித்தேன்.

ஒரு வாடிக்கையாளர் குறை சொன்னதும் தன் வீட்டில் இருந்ததையே எடுத்துக் கொடுத்தேன் ஐயா. எந்த ஏஜெண்ட் அப்படிச் செய்வான்?