கட்டம் போட்ட பக்கம்

அந்த ஆம்ப்ளிபயரில் எந்தப் பழுதும் இல்லை சார். நல்லகண்ணு அண்ணாச்சியை ஸ்டேஷனில் உட்கார வைத்து, அவர் கடை ஒயரிங்கில் கோளாறு என்று எழுதியிருக்கிறீர்களாம். ஒயரிங் செய்தவன் நான். அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

எனக்கு நூல் மில்லில் நைட் ஷிப்டு. பகலில் அண்ணாச்சியின் சவுண்டு சர்வீசில் வேலை. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். ஆனால் இங்கிலீஷ் வாசிப்பேன். பாட்டை மிக்ஸ் செய்யக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றை மதுரையில் பழைய கடையில் வாங்கினேன். எந்த மைக்கை எவ்வளவு ஏற்றுவது, குரலுக்கு வழிவிட்டுத் தபேலாவை எங்கே அடக்குவது, எல்லாம் அதில் இருந்தது. சங்கரன்கோவிலில் வேறு யாரிடமும் அப்படி ஒரு புத்தகம் கிடையாது.

முகம்மது ஹுசைனும் அதே கடைதான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் வாசித்துத் தமிழில் சொல்லுவேன், அவன் பீடியை இழுத்துக்கொண்டு கேட்பான். “ஏலே புத்தகம், இதுக்கு ஒன் வெள்ளக்காரன் என்ன சொல்லுதான்?” என்பான். நான் வாரக்கணக்கில் முட்டி மோதிய பக்கத்தை ஒரே கச்சேரியில் செய்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். கெட்டவன் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆடித்தபசுத் திருவிழாக் கச்சேரிக்கு மிக்சரில் நான் உட்காருவதாக இருந்தது. வாசுதேவநல்லூர்க் குழுவில் பாடுகிற ஞானபூரணம் கடைக்கு வந்தாள். “ஹுசைன் அண்ணன் உக்காரட்டும் அண்ணாச்சி. இவுக கை வச்சா என் கொரலு எனக்கே கேக்க மாட்டேங்கு” என்றாள். என் முன்னால்தான் சொன்னாள். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எனக்கு ஆம்ப்ளிபயர் பக்கத்து ஸ்டூல்.

அன்று காலை டெஸ்டிங். தெருவெல்லாம் குழாய் ஸ்பீக்கர் அலறியது. ஹெட்போனில் வயலின் கேட்கவில்லை என்றான் ஹுசைன். “புத்தகத்துல வழி இருக்கா பாரு மக்கா.”

ஹெட்போனை ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் லைனில் நேராகக் கொடுக்கக் கூடாது, காது போய்விடும் என்று கட்டம் போட்டு அச்சடித்த பக்கம் ஒன்று உண்டு. அதை மட்டும் அவனுக்கு நான் வாசித்துக் காட்டியதில்லை.

“ஸ்பீக்கர் லைன்ல குடுக்கச் சொல்லுதான்” என்றேன். நானே ஒயர் இழுத்துக் கொடுத்தேன். சுத்தமான ஜாயிண்டு.

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். மிக்சரில் இருப்பவன் கட்டைவிரலை உயர்த்தினால் ஆம்ப்ளிபயரில் சத்தத்தை ஏற்ற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவன் உயர்த்தவில்லை. நான் முழுக்க ஏற்றினேன்.

சாயங்காலம், அவன் ஆஸ்பத்திரியில் இருக்க, மிக்சரில் நான் உட்கார்ந்தேன். புத்தகத்தில் உள்ளபடியே செய்தேன். ஞானபூரணம் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடினாள். அது அவள் பழக்கமாக இருக்கலாம்.

நேற்று ஹுசைன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் உம்மா ஷரீபா பீவி எனக்கு டீ கொடுத்துவிட்டு, “இவனப் பாக்க நீ ஒருத்தன்தாம்லே வாரே” என்று அழுதார். அன்றைய கச்சேரியைப் பதிந்த கேசட் என் பையில் இருந்தது. உம்மா கேட்கட்டும் என்று அவர்கள் வீட்டு டேப்பில் போட்டேன். ஹுசைன் எழுந்து வந்து ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான். பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை.

“தபேலா தூக்கலா கெடக்குலே, புத்தகம். கொறச்சிருக்கணும்” என்றான். தன் குரல் தனக்குக் கேட்காததால் கத்திச் சொன்னான்.

குனிந்து கேட்டேன். தூக்கலாகத்தான் இருந்தது. கையால் கேட்பதற்கு என் புத்தகத்தில் பக்கம் கிடையாது.

ஒயரிங்கைத் திருத்த வந்தேன் என்று முதலில் சொன்னது முழு உண்மை இல்லை சார். என்னை வெளியே விடாதீர்கள், உள்ளே வையுங்கள். அவனுக்கு இன்னும் கை இருக்கிறது.