டாக்டர் வீட்டுக்குள் போன மாப்பிள்ளை வீட்டார்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ். மில் ஷிப்ட் முடிந்து வந்த இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். மூத்தவள்தான் ஆரம்பித்தாள்.

"ஏட்டி செல்வி, எம்மவளப் பொண்ணு பாக்க வந்தவிய டாக்டர் வீட்டுக்குள்ள போயி உக்காந்துட்டாவ."

"எப்படிக்கா?"

"புது நகர்ல அவிய மாடி வீடும் எங்க ஒத்த ரூம் வீடும் ஒட்டித்தான இருக்கு. கேட்டும் சுவரும் ஒண்ணு போல. மில் சம்பளத்துல தவணை கட்டுத வீடு டாக்டர் தெருவுல இருக்கும்னு யாரு கண்டா?"

"டாக்டரம்மா வஞ்சாவளா?"

"எங்க வைய? காப்பி குடுத்து, பூத்தட்ட அவியளே தூக்கிக்கிட்டு, 'எங்க புள்ள வீடு அடுத்ததுதான்'னு கூட்டியாந்தாவ. பழைய வாடகை வீட்டுல இருந்தப்ப அந்த இடுக்குச் சந்தப் பாத்தே எம்புட்டுப் பேரு திரும்பிப் போயிருக்காவ!"

மம்சாபுரம் விலக்கில் இறங்க வேண்டியவன், முடிவு தெரியட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

"பொண்ணு புடிச்சிருக்காமா?"

"சம்மதமாம். மாப்பிள்ளைக்கும் அதே தெருவுல ஒரு வீடு கெடைக்குமான்னு கேக்காவ."

செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, இருந்தா மொதல்ல எங்கிட்டச் சொல்லு. எனக்கும் பொட்டப்புள்ள இருக்கு."