ஐப்பசியில் பார்த்த வீடு

– இழுங்கக்கா! நிலையில காலை ஊனி இழுங்க!

– இழுத்துக்கிட்டுத்தானட்டி இருக்கேன், செல்வமாரி! பொய் சொல்ல மாட்டேன், இந்தக் கதவு ஒருநாளும் இப்படிப் பிடிச்சதில்ல. காத்து அடிச்சுல்லா சாத்திட்டு.

– பன்னெண்டு மணிக்கு எங்க வீட்டுக்காரரு நாகலாபுரத்துலருந்து டிராக்டர்ல சாமானோட வந்துருவாரு, ரெங்கம்மாக்கா. எந்த வீட்டுல இறக்கணும்னு நான் ரோட்டுல நின்னு கைகாட்டணும். வீடு பாக்க வந்தவ வீட்டுக்குள்ளயே அடைபட்டுக் கிடந்தா?

– அதுக்கென்ன தாயி, பிடிச்சிருந்தா இங்கனயே இறக்கிர வேண்டியதுதான.

– எங்க, மூடுன கதவுக்கு வெளியவா?

– வாயைப் பாரு! அந்தச் சன்னல் திட்டுல ஒரு கடப்பாரைத் துண்டு கிடக்கும், எடு. கீழ் மூலையில குடுத்து நெம்பணும்.

– ஒருநாளும் பிடிக்காத கதவுக்கு நெம்புகம்பி தயாரா இருக்கே. அதென்னக்கா?

– தேங்கா உரிக்க வச்சிருந்தது. நெம்புட்டி.

– நெம்புதேன், நெம்புதேன். நெம்பிக்கிட்டே ஒண்ணு கேக்கட்டா? எட்டு நாளா கோவில்பட்டி முழுக்க அலைஞ்சிட்டேன். பத்துக்குப் பத்து ரூம்புக்கு எழுநூறு கேக்காவ. ஒரு வீட்டுல, நாளைக்கு எத்தனை குடம் தண்ணி செலவழிப்பன்னு கேட்டாவ. இன்னொரு வீட்டுல, ஊர்லருந்து விருந்தாளி வருவாவளான்னு கேட்டாவ. நீங்க என்னடான்னா குழாயடியில நின்ன என்னைய வலியக் கூப்பிட்டு, ரெண்டு ரூம்பு, தனி அடுப்படி, முந்நூறு போதும்ங்கிதீங்க. அதென்ன அப்படி?

– எனக்கு இளகின மனசு. பொய் சொல்ல மாட்டேன்.

– யாரும் தூக்கு மாட்டிச் செத்தாவளா?

– சீ! விளக்கு வைக்கப்போற வீட்டுல என்ன பேச்சு பேசுதா!

– அப்ப பக்கத்துல மருந்து உலர்த்துத கம்பெனி எதுவும்?

– தீப்பெட்டிக் கம்பெனி மூணு தெரு தள்ளியில்லா இருக்கு.

– தண்ணி வராதோ?

– பத்து நாளைக்கு ஒருக்க வரும். ஊருக்கே அப்படித்தான். ஏட்டி, சுவத்தை என்னத்துக்குச் சுரண்டுத?

– சுண்ணாம்பு இன்னும் கையில ஒட்டுது. மேல வெள்ளை, உள்ள மண்ணும் வைக்கோலும். இந்தா பாருங்க, தரையிலருந்து உத்தரம் வரைக்கும் அடைச்சிருக்கு. பாம்பு ஏறுன தடம் மாதிரி.

– எலி போட்ட பொந்து.

– எந்த ஊர் எலிக்கா உத்தரம் வரைக்கும் நேர்கோட்டுல பொந்து போடும்? எங்கிட்டயா? நான் கரிசக்காட்டுல களை வெட்டுனவ. பங்குனியில எங்க காடு பாளம் பாளமா வெடிக்கும், விழுந்த அருவாளை எடுக்க முடியாது. ஐப்பசியில நாலு மழை விழுந்தா வெடிச்ச தடமே தெரியாது. இந்த வீடும் அதைத்தான செய்யுது? கரிசலைத் தோண்டி எடுத்துட்டு, கெட்டித் தரை கண்டு அஸ்திவாரம் போடணும். போடல. இப்ப மழையில மண்ணு பொம்மிக்கிட்டு நிலையை நெருக்குது. அதான் கதவு பிடிச்சிருக்கு.

– பங்குனியில கை நுழையும் தாயி. போன வருசம் இந்தப் பக்கம் படுத்துக்கிட்டே தெருவுல போற சைக்கிளைப் பாத்தேன். இந்த வருசம் மழை விழுந்து வெடிப்பு மூடுனதும் அவசர அவசரமா வெள்ளையடிச்சேன். யாராவது வந்து பாக்குததுக்குள்ள.

– இவ்வளவுதானா? இதுக்கா இம்புட்டு மறைப்பு?

– ஏட்டி, உனக்குப் பயமா இல்லியா?

– எதுக்குப் பயம்? இருபத்தாறு வருசம் வெடிப்புக்கு மேலதான நடந்தேன். அவருக்கு பஞ்சாலையில வேலை கிடைச்சி இருபது நாளாகுது. ராத்திரி ஷிப்ட் முடிச்சிட்டு மில்லு வாசல்லயே படுத்துக் கிடக்காரு. நான் சித்தி வீட்டுல இருக்கேன். பிள்ளை எத்தனை இட்லி திங்கான்னு சித்தி எண்ணுதா. எங்களுக்கு இந்த வீடு அரமனைக்கா. பங்குனி வந்தா மண்ணைக் குழைச்சி அடைச்சிக்கிடுதேன்... ஆங்! நகருது, நகருது! இழுங்க!

– திறந்துட்டு! அப்பாடி! ஓடு தாயி, டிராக்டர் வந்துரும்.

– ஓடுதேன். அதுக்கு முன்ன இதைப் பிடிங்க. அட்வான்ஸ் அஞ்சாயிரம். உழவு மாட்டை வித்தது. வேற எங்களுக்குச் செம்புக்காசு கிடையாது. எண்ணிக்கோங்க.

– வேண்டாம். மடியில கட்டு.

– அதென்னக்கா! இவ்வளவு நேரம் வீட்டைத் தலையில கட்டப் பாத்துட்டு, இப்ப வேண்டாம்ங்கிதீங்க?

– வெடிப்பைப் பாத்தா நீயே ஓடிருவன்னு நினைச்சேன். நீ ஓடல. மாட்டை வித்த காசுங்கித. அதை வாங்க எனக்கு மனசு வரல. இந்த வீட்டுல குடுத்த அட்வான்ஸு திரும்ப வராதுட்டி.

– ஏன் வராது?

– முதல்ல குடியிருந்தவ குடுத்ததை வீட்டுக்காரரு மெட்ராசுல தொழில்ல போட்டுத் தொலைச்சாச்சு. காலி பண்ணுதேன்னு கேட்டா, அடுத்த குடியைப் பிடிச்சிட்டு வா, அவ குடுக்கதை வாங்கிட்டுப் போம்பாரு. அவளுக்கு ரெண்டாவது வந்தவ குடுத்தா. ரெண்டாவது வந்தவளுக்கு மூணாவது வந்தவ குடுத்தா. வெளிய போகணும்னா, இந்த வெடிப்பை மூடி, இன்னொருத்தியை ஏமாத்தித்தான் போகணும்.

– சொந்தக்காரி நீங்களே இப்படிச் சொன்னா நான் என்னத்தக்கா செய்ய?

– நான் சொந்தக்காரி இல்ல, தாயி. நான் மூணாவது வந்தவ.