ஒரே பானைக் கஞ்சியும் ஒரு கரண்டி எண்ணெயும்

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரிய கங்காணி ஐயாசாமி அவர்களே! கிழங்குக் காட்டுச் சேறு காலில் காயுமுன் ஓடி வந்திருக்கும் பெரியோர்களே! தன் பசியை மறைத்துப் பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கும் தாய்மார்களே! பத்து பாகாட் ஊரிலிருந்து தஞ்சம் தேடி வந்து எங்களில் ஒருவராகிவிட்ட குடும்பத்தாரே! யார் என்ன பேசுகிறார் என்று கேட்டுப்போக வந்திருக்கும் முகம் தெரியாத காதுகளே! அனைவருக்கும் வணக்கம். இன்னும் ஒருவருக்கு வணக்கம் சொல்லவேண்டும். அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

என்னை அறிவீர்கள். சிகாமட் ரயிலடியில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்த கதிரேசு. தட்டிப் பார்க்காமல் ஒரு மூட்டையையும் வண்டியில் ஏற்றாதவன். 'சந்தேகப் பிராணி' என்று எனக்கு நீங்கள் வைத்த பெயரும் தெரியும். யாரங்கே சிரிப்பது? சிரியுங்கள் ஐயா, பொருத்தமான பெயர்தான்!

போன வாரம் நம் மூர்த்தி இறந்தார். வயிறு ஓடி ஓடி, உடல் வற்றி வற்றி, உயிர் போயிற்று. அவர் மட்டுமா? நம் தோட்டத்தில் லயத்துக்கு லயம் வயிற்று நோவு. வாசலுக்கு வாசல் முனகல். உடனே ஊர் என்ன சொல்லிற்று? பொதுக் கஞ்சி காய்ச்சும் புஷ்பவள்ளி அம்மாளைப் பார்த்து விரல் நீட்டிற்று. அவர் கணவரை ஜப்பான்காரனின் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பெயர் கொடுத்து அனுப்பியவர்கள் நாம். "புருஷனப் புடிச்சுக் குடுத்த ஆத்திரத்துல கஞ்சியில என்னமோ கலக்குறா" என்றார்கள். சின்னத்தம்பி இன்னும் ஒரு படி மேலே போய், "பேசிக்கிட்டு என்னலா இருக்கு, கெம்பித்தாய்கிட்ட சொல்லிரலாம்" என்றார்.

சொல்லிவிடலாம்! ஜப்பானிய ராணுவப் போலீஸ் அழைத்துப் போனவர்களில் திரும்பி வந்தவர் யார்? அந்த அம்மாளின் உயிர், தோழர்களே, இன்று இந்தக் கூட்டத்தின் வாயில் இருக்கிறது.

நானும் சந்தேகப்பட்டேன். முதலில் அவரைத்தான் சந்தேகப்பட்டேன். அடுப்படியில் போய்க் காவல் உட்கார்ந்தேன். "நல்லாப் பாருங்கய்யா, மூடியத் தொறந்தே வச்சிருக்கேன்" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. கிழங்கைச் சந்தேகப்பட்டேன். கிணற்றைச் சந்தேகப்பட்டேன். உப்பைச் சந்தேகப்பட்டேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. பத்து பாகாட்டுக் குடும்பங்கள் குடிப்பதும் அதே பானைக் கஞ்சி, அதே அகப்பைக் கஞ்சி. அவர்களில் ஒருவருக்காவது வயிறு நொந்ததா? விஷம் ஆள் பார்த்தா வேலை செய்யும்?

மூர்த்தி படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். தலைமாட்டில் விளக்கெண்ணெய்ப் போத்தல். "எதற்கு அப்பா இது?" என்றேன். "வயித்துல இன்னும் அழுக்கு இருக்குங்கய்யா. இன்னொரு கரண்டி ஊத்துனா எல்லாம் வெளிய போயிரும்லா" என்றார். எதைத் தேடி வெளியேற்றினார் அந்த மனிதர்? அழுக்கு போயிற்று, சத்து போயிற்று, தண்ணீர் போயிற்று. பிறகு அவரே போய்விட்டார். அன்றே அந்தப் போத்தலைத் தூக்கி எறியாமல் வந்தேனே என்று நெஞ்சு எரிகிறது.

நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மாதம் ஒரு ஞாயிறு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நம்மை வரிசையாக நிறுத்தி, தோட்டத்து மருந்துக்கார டிரசர் நம் வாயில் விளக்கெண்ணெய் ஊற்றினார். துரை ஓடினான், டிரசர் ஓடினார், வழக்கம் மட்டும் ஓடவில்லை! ஜப்பான்காரன் வாசல்தோறும் ஆமணக்கு நடச் சொன்னான். விதை மலிந்தது, எண்ணெய் மலிந்தது. மாதம் ஒருமுறை என்பது வாரம் ஒருமுறை ஆயிற்று. வாரம் என்பது நாள்தோறும் ஆயிற்று. ஜப்பான்காரன் வந்த இந்த மூன்றாம் வருடத்தில் முகம் கழுவுமுன் கரண்டி தேடுகிறோம். கஞ்சியைச் சந்தேகப்பட்டோம், கைம்பெண்ணைப் போல் தனித்து நிற்பவரைச் சந்தேகப்பட்டோம். மருந்து என்று பெயர் வைத்துவிட்டதால் எண்ணெயை மட்டும் சந்தேகப்பட மறந்தோம்!

தினமும் பிடரியில் கைவைத்துத் தள்ளினால் குடல் தானாக நடக்குமா? தள்ளாத நாளில் கட்டிக்கொள்கிறது. கட்டியதே என்று மறுபடி தள்ளுகிறோம். கிழங்கில் உள்ள கொஞ்சநஞ்சச் சத்தும் உடம்பில் ஒட்டுமுன் ஓடிவிடுகிறது.

என்னம்மா கேட்கிறீர்கள்? காய்ச்சலுக்குக் கொயினாவும் வேண்டாமா என்றா? நான் அப்படிச் சொல்லவில்லை தாயே! காய்ச்சல் வந்தால் கொயினா குடியுங்கள், கிடைத்தால் கும்பிட்டுக் குடியுங்கள். நோய்க்கு மருந்து வேண்டும். நோயே இல்லாத வயிற்றுக்கு நாள்தோறும் மருந்து எதற்கு?

என் பேச்சையும் நம்பாதீர்கள், சந்தேகப்படுங்கள்! இப்போதே சோதிப்போம். வயிற்று நோவு உள்ளவர்கள் வலக்கையை உயர்த்துங்கள். ஆம், வெட்கப்படாமல் உயர்த்துங்கள். சின்னத்தம்பி, நீங்களும்தான். நல்லது. இனி, தினமும் எண்ணெய் குடிக்காதவர்கள் மட்டும் கையை இறக்குங்கள்.

இறக்குங்கள் ஐயா!

ஒரு கையும் இறங்கவில்லையே! தலைவர் அவர்களே, மேடையில் உங்கள் கையும் அல்லவா உயர்ந்தே நிற்கிறது? பத்து பாகாட்டார் பக்கம் பாருங்கள். அங்கே ஒரு கைகூட எழவில்லை. அவர்களுக்குப் பெரட்டுக் களமும் தெரியாது, நம் ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது.

இனி யார் யாரைப் பற்றிக் கெம்பித்தாயிடம் சொல்லப் போகிறீர்கள்? சின்னத்தம்பி தலை குனிகிறார். குனியட்டும், தப்பில்லை. கரண்டியை மெல்ல மெல்லக் குறையுங்கள். குடல் பழையபடி நடக்கப் பழகட்டும். நாளைக் காலை சட்டியோடு கஞ்சிக்கு முதலில் நிற்பவன் நான். தலைவர் எனக்குப் பின்னால் நிற்பார். அவர் தலையாட்டியதை எல்லோரும் பார்த்தீர்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. பாக்கி வைத்த வணக்கம் ஒன்று இருக்கிறது. அதோ, கடைசித் தூணோரம், எந்த நேரமும் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று மாற்றுச் சேலையை மூட்டை கட்டி மடியில் வைத்திருக்கிறாரே, புஷ்பவள்ளி அம்மாள், அவருக்கு உரியது. உயர்த்திய கையை யாரும் இறக்க வேண்டாம். மற்றக் கையையும் அதனோடு சேர்த்துக் கூப்புங்கள்.

அம்மா, மூட்டையை அவிழ்த்துவிடுங்கள். வணக்கம்.